தண்ணி குடிக்காம வா

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வா. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

எங்கம்மாவிடம் இப்படிச் சொன்னது யார் என்று இப்போது ஞாபகமில்லை. சீட்டு எழுதிய சிஸ்டராக இருக்கலாம், ஸ்கேன் சென்டரில் பேர் பதிந்த ஆளாக இருக்கலாம். யாராயிருந்தால் என்ன? தண்ணியைத் தொடாதே, தள்ளி நில் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவள். காலனிக் குழாய் வறண்ட நாளில் ஊர்த்தெருக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றுவார்களா என்று ஓரமாய் நின்றவள். ஆஸ்பத்திரி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசுவாளா? தலையாட்டினாள்.

2016 மே மாதம், அக்னி வெயில். அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. ரெண்டு நாளாக வாந்தி, காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. அரசு மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் பார்க்க வேண்டும், இங்கே மெஷின் ரிப்பேர், வெளியில் எடுத்து வாருங்கள் என்றார்கள். விடியக்காலை நாலரை பஸ் பிடித்தோம். எங்கள் முறை வந்தபோது பிற்பகல் மூன்றரை. நடுவில் ஒரு தடவை, "நாக்கை மட்டும் நனைச்சுக்கிடட்டாடா?" என்று கேட்டாள். வேண்டாம்மா, சொல்லியிருக்காங்கல்ல என்று தடுத்தவன் நான்தான்.

அதே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகனோடு காரில் வந்தவர். அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. சட்டையும் செருப்பும், அவரை "சார்" என்று கூப்பிட்ட குரலின் பணிவும் தெரிந்தன. சார் சுகர் இருக்கா, கிட்னியில ஏதாவது தொந்தரவு உண்டா, கிரியாட்டினின் கடைசியா எப்பப் பார்த்தீங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று அவரை வரிசையாகக் கேட்டார்கள். மகன் ஃபைலைத் திறந்து காட்டினான். உள்ளே படுக்க வைத்து பாட்டில் ஏற்றி, பிறகுதான் அவருக்கு ஸ்கேன். எங்கம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பணம் கட்டியாச்சா?"

இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில் பெருவிரலை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். மருந்து ஏறியபோது, "உடம்பெல்லாம் சுடுதண்ணி பாய்ஞ்ச மாதிரி இருந்துச்சுடா, துணியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன்னு பயந்துட்டேன்" என்று வெளியில் வந்து சொன்னாள். அது எல்லோருக்கும் வருகிற உணர்ச்சிதான், பயப்பட ஒன்றுமில்லை. அதைக்கூட முன்னால் சொல்ல ஆளில்லை. படம் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். இனிமேல் தண்ணி குடிக்கலாம் என்று சொல்லவும் ஆளில்லை.

ராத்திரி நீர் சரியாகப் போகவில்லை. மறுநாள் படத்தைக் காட்டியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லீரலில் சீழ்க்கட்டி. ஊசி விட்டுச் சீழை எடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. ஆனால் அன்று முழுக்க நீர் பிரிந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கலங்கலாக. மூன்றாம் நாள் முகமும் காலும் ஊதி மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நம் சனங்கள் சொல்கிற பாஷையில் சொன்னால், உப்பு ஏறிவிட்டது. கிரியாட்டினின் 5.8. நாலு தடவை டயாலிசிஸ். மூன்று வாரம் கழித்து 2.1க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

(இந்த 'உப்பு' என்கிற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கிரியாட்டினின் உப்பு கிடையாது. தசை வேலை செய்வதில் வெளிவருகிற கழிவு அது. கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டும். வடிகட்டி கெட்டால் ரத்தத்தில் தேங்கும். டாக்டர்களே நம்மிடம் உப்பு உப்பு என்று சொல்லிவிட்டுப் போவதால், சோற்றில் உப்பை நிறுத்தினால் போதும் என்று நம்பி எத்தனை வீட்டில் வைத்தியத்தை விட்டிருக்கிறார்கள்!)

ஆறு மாதம் கழித்து ஒரு வக்கீல் தோழர் மூலம், அம்மா கைநாட்டு வைத்த தாளின் நகல் கிடைத்தது. அய்ந்து கேள்விகள். சர்க்கரை நோய் உண்டா? சிறுநீரக நோய் உண்டா? ஒவ்வாமை உண்டா? வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறீர்களா? அய்ந்துக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். ஒரே பேனா, ஒரே இழுப்பு. கிரியாட்டினின் என்ற இடத்தில் ஒரு கோடு.

அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சுகர். மெட்பார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடவும் களையும் தின்ற முட்டிக்கு மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரை தினமும் ரெண்டு. இது மட்டுமா? எட்டு மாதம் முந்தி ஒரு மருத்துவ முகாமில் எடுத்த ரத்தச் சீட்டு, கிரியாட்டினின் 1.7 என்று அச்சடித்தது, அன்றைக்கு அவள் இடுப்பில் சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் மடித்துக் கிடந்தது. முகாமில் கையில் கொடுத்தவர்கள் அது என்னவென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம், பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாள். யாராவது வாய் திறந்து கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

எங்களுக்காக நீ பேசாதே, எங்கள் வாயால் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று இந்தமாதிரிப் பத்திரிகைகளில் எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்! இலக்கியத்தில் யார் நம்மைப் பற்றி எழுதலாம் என்று பக்கம் பக்கமாய் விவாதித்தோம். இங்கே ஒரு தாளில், எங்கம்மாவின் கிட்னியைப் பற்றிய அய்ந்து கேள்விக்கு வேறொருவர் பதில் எழுதிவிட்டார். அதற்கு அடியில் அவள் ரேகை.

டிக் போட்டவனைத் தேடிப் போனேன், நாலு அறை விடுகிற வெறியோடு. போய்ப் பார்த்தால் நம்ம பையன். பக்கத்துக் காலனி. ஒப்பந்தக் கூலி, பன்னிரண்டு மணி நேர வேலை. "எல்லாருக்கும் அப்படித்தாண்ணே போடச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டிருந்தா லைன் நகராதுண்ணே" என்றான். எல்லாருக்குமாடா? அந்த சாரைக் கேட்டாங்களே? பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது? யாரைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டியதில்லை என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது முதலாளி மட்டுமில்லை, இந்த ஊர்.

*

இதுவரை எழுதியது என் கோபம். இனி எழுதப்போவது என் குற்றம்.

அந்த வருஷமே எங்கள் காலனியில் ஒரு கூட்டம் போட்டேன். ஸ்கேன் மருந்து விஷம், ஏழை உடம்பைச் சோதனை எலியாக்குகிறார்கள், யாரும் மருந்து ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று மைக்கில் முழங்கினேன். கைதட்டினார்கள். ஒரு தோழர் எழுந்து, இங்கிலீஷ் வைத்தியமே ஏகாதிபத்தியச் சதி, நம் மூலிகையில் இல்லாததா என்றார். அதற்கும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அடுத்த வருஷம் எனக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவருக்கு மாரடைப்பு. 52 வயது, செங்கல் சூளையில் வேலை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதல் கண்டத்தைத் தாண்டினார். ஆஞ்சியோ பார்க்கணும், காப்பீட்டு அட்டையில் இலவசமாகவே செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆஞ்சியோ என்றால் இதயத்து ரத்தக் குழாயில் அதே சாயத்தைப் பாய்ச்சிப் படமெடுப்பது. அவருடைய கிரியாட்டினின் 1.4. "மருந்து ஏத்தினா கிட்னி போயிரும்னு நம்ம தம்பியே மீட்டிங்ல சொல்லிச்சு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்துச் சூளையிலேயே விழுந்து செத்தார்.

துக்கத்துக்கு வந்த டாக்டர் தோழர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்துக் காலனியில் பிறந்து, அவர் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவர். "அண்ணே, உங்க கோபம் நியாயம். உங்க கணக்கு தப்பு" என்றார். சித்தப்பாவின் வயதுக்கும் 1.4க்கும் கணக்குப் போட்டால் கிட்னி நூற்றுக்கு அறுபது அளவில் வேலை செய்கிறது, அந்த உடம்புக்கு ஆஞ்சியோ சாயத்தால் வரக்கூடிய ஆபத்து சின்னது, அடைத்த குழாயால் வரக்கூடிய ஆபத்து பெரியது என்றார். அம்மா விஷயத்தையும் விடவில்லை. "வாந்தியில உடம்பு வத்தியிருந்துச்சு, சீழ்க்கட்டிக் கிருமி ரத்தத்துல இருந்துச்சு, வலி மாத்திரை வேற. நாலு பேர் சேர்ந்து அடிச்சதுல யார் அடியில விழுந்தாங்கன்னு எப்படிண்ணே சொல்வீங்க? அந்தச் சாயம் போட்டதாலதான் கட்டியே துல்லியமாத் தெரிஞ்சுது. இல்லைன்னா பெரியம்மா அப்பவே போயிருப்பாங்க."

கேட்கக் கசந்தது. ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. பிறகு அவர் கொடுத்ததையெல்லாம் படித்தேன், புரியாததைப் போய்க் கேட்டேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

தண்ணி குடிக்காதே என்ற கட்டளை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1929இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்ற அமெரிக்க இளைஞரின் முயற்சியில், நரம்பில் ஏற்றினால் சிறுநீரோடு இறங்கிக் கிட்னியை எக்ஸ்ரேயில் காட்டுகிற அயோடின் சாயம் புழக்கத்துக்கு வந்தது. உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் சிறுநீர் கெட்டிப்படும், சாயமும் கெட்டிப்படும், படம் பளிச்சென்று விழும். அதற்காகவே நோயாளியைத் தாகத்தோடு வரச் சொல்லிப் பழக்கினார்கள். வாந்தி வரும் என்ற பயமும் கூடச் சேர்ந்தது. அன்றைய சாயம் ரத்தத்தைவிட அய்ந்தாறு மடங்கு அடர்த்தி. சாயம் ஏற்றிய பின் நீர் பிரியாமல் போனதாக 1954லேயே டென்மார்க்கிலிருந்து எழுதியிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு நேர்ந்தது அது.

ஸ்வீடனில் டார்ஸ்டன் ஆல்மேன் என்றொரு எக்ஸ்ரே டாக்டர். சாயம் ஏறும்போது நோயாளிகள் வலியில் துடிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காதவர். உப்பு அளவு ரத்தத்தோடு ஒத்துப்போகாத தண்ணீரில் நீந்தினால் கண் எரிகிறதே, சாயமும் அப்படித்தானே உள்ளே எரிக்கும் என்று யோசித்தார். 1969இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அதிலிருந்து பிறந்தவைதான் இன்றைய அடர்த்தி குறைந்த சாயங்கள். நோயாளியின் வலியைத் தன் கண் எரிச்சலில் வைத்துப் பார்த்த அந்த மனிதரை எனக்குப் பிடிக்கிறது.

சாயம் மாறியது, கட்டளை மாறவில்லை. இன்றைய சாயத்துக்குப் பட்டினி தேவையில்லை என்று அய்ரோப்பிய எக்ஸ்ரே மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலே சொல்கிறது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். படத்துக்காகப் பிறந்த தாகம், படத்துக்குத் தேவைப்படாத காலத்திலும் எங்கம்மா தொண்டையில் இறக்கிவைக்கப்பட்டது. வறண்ட உடம்பில் கிட்னிக்குப் பாய்கிற ரத்தம் குறைகிறது. கிட்னியின் உள்பகுதி இயல்பாகவே மூச்சுக் காற்று குறைவாகக் கிடைக்கிற இடம். சாயம் அங்கே ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, சன்னக் குழல்களின் சுவரையும் தாக்குகிறது. வலி மாத்திரை, கிட்னி தன் ரத்தக் குழாயைத் திறந்துவைத்துக்கொள்ள வைத்திருக்கிற வழியை அடைத்துவிடுகிறது. வெயிலில் வற்றி, வலி மாத்திரையை விழுங்கி, மறுபடி வெயிலில் இறங்குகிற கூலிக்காரர் உடம்பு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நீர் பிரிய வைக்கிற ஊசி போட்டால் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பினார்கள். 1994இல் அமெரிக்காவில் 78 கிட்னி நோயாளிகளை மூன்று பங்காக்கிப் பார்த்தார்கள். வெறும் உப்புநீர் ஏறியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் கிரியாட்டினின் ஏறியது. அதோடு மானிட்டால் சேர்த்தவர்களில் 28. ஃப்ரூசமைடு ஊசி சேர்த்தவர்களில் 40. உப்பும் தண்ணீரும் ஜெயித்தன, சாமர்த்தியம் தோற்றது. 2000இல் பெர்லினில் 83 பேரை வைத்து, சளி இளக்குகிற அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை கிட்னியைக் காக்கிறது என்றார்கள். உலகமே அதை எழுத ஆரம்பித்தது. 2011இல் பிரேசிலில் 2,300 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2018இல் வெளியான ப்ரிசர்வ் ஆய்வு ஏறக்குறைய 5,000 பேரிடம் அந்த மாத்திரையையும் சோடா உப்பு பாட்டிலையும் சேர்த்தே சோதித்தது. மாத்திரையால் எந்தப் பிரயோசனமும் இல்லை, சோடா உப்பு சாதாரண உப்புநீரைவிட ஒரு மயிரளவும் உசத்தியில்லை என்றது. இதற்குப் பிறகும் அந்த மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டால் காசை மிச்சப்படுத்தி மோர் வாங்கிக் குடியுங்கள்.

சரி, எல்லோருக்கும் பாட்டில் ஏற்றிவிடலாமா? அதுவும் கூடாது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 660 பேர். கிட்னி வேலை 30க்கும் 59க்கும் இடையில் உள்ளவர்கள். பாதிப்பேருக்கு உப்புநீர், பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. 2017இல் முடிவு வந்தது. சேதம் நூற்றுக்கு 2.7, 2.6. ரெண்டும் ஒன்றுதான். பாட்டில் ஏறியவர்களில் சிலருக்கு இதயம் தாங்காமல் நீர் கோத்து மூச்சு முட்டியதுதான் மிச்சம். 2013இல் அமெரிக்காவில் பெரிய மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டி, சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தவர்களையும் ஏற்றாமல் எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களில் ரெண்டு பக்கமும் கிட்னி கெட்ட கணக்கு ஏறக்குறைய சமம். நோயே செய்த கெடுதலை ரொம்ப நாளாகச் சாயத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். 2020இல் அமெரிக்க எக்ஸ்ரே கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து சொன்னது இதுதான்: கிட்னி வேலை 30க்குக் கீழே போனவர்களுக்கும், ஏற்கனவே திடீர்ச் சேதத்தில் இருப்பவர்களுக்கும் உப்புநீர் ஏற்றிக் காக்க வேண்டும். 30க்கும் 44க்கும் நடுவில் இருப்பவர்களை ஆளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யலாம். மற்றவர்கள் வாயால் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். உயிர் போகிற அவசரத்தில் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

எங்கம்மாவின் 1.7, அந்த வயதுப் பெண்ணுக்கு 34 என்று கணக்கு வருகிறது. ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடம். யாரும் ஆளைப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கிலேயும் ஒரு சூது இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது என்றேன். அரைவயிற்றுக் கஞ்சியில் வற்றிய உடம்பில் தசை கம்மி, கிரியாட்டினினும் கம்மியாகத்தான் சுரக்கும். கிட்னி பாதி போன பிறகும் காகிதத்தில் 1.2 என்று நல்லபிள்ளை மாதிரி நிற்கும். அறுபது வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றாலே கணக்குப்படி 52தான், மெலிந்த உடம்பென்றால் நிஜம் அதற்கும் கீழே. "நார்மல்தாம்மா, போ" என்று அனுப்புகிறார்களே, யாருடைய நார்மல் அது? அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு நேர்ந்தது இன்னும் அப்பட்டம். கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று சொல்லி, 2009 சூத்திரத்தில் அவர்கள் கிட்னிக்கு நூற்றுக்குப் பதினாறு மார்க் கூடப் போட்டுக் கொடுத்தார்கள். தாராளம் இல்லை அது. காகிதத்தில் நல்ல கிட்னி என்று வந்துவிடுவதால் மாற்றுக் கிட்னி வரிசையில் அவர்கள் பேர் தாமதமாக ஏறியது. போராடி 2021இல் அந்தச் சூத்திரத்தை மாற்ற வைத்தார்கள். வரிசையில் இழந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கவும் 2023 முதல் வழி செய்யப்பட்டது. நம் உடம்புக்கான கணக்கை யார் கேட்டிருக்கிறோம்?

இன்னொரு பக்கம். 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ரீனலிசம்' என்று ஒரு வார்த்தையை எழுதினார்கள். இனவாதம் மாதிரி, கிட்னிவாதம். மாரடைப்பு வந்த முதியவர்களில் கிட்னி நோய் உள்ளவர்களுக்கு, ஆஞ்சியோ செய்தால் பலன் உண்டு என்று தெரிந்தும் செய்யாமல் விடுகிறார்கள் என்று கண்டு வைத்த பெயர். கிட்னியைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளைச் சாகவிடுவது. நம் ஊரில் இதைச் செய்வது சுலபம். "உப்பு இருக்கு, மருந்து ஏத்த முடியாது, வேற பெரிய ஆஸ்பத்திரி பாத்துக்க" என்றால் வரிசையில் ஒரு தலை குறைந்தது. என் சித்தப்பாவுக்கு அதைச் சொன்னது டாக்டர்கள் இல்லை, நான். மைக் பிடித்து அவருக்கும் சேர்த்து 'வேண்டாம்' என்று டிக் போட்டவன் நான்.

மூலிகைத் தோழருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆடுதின்னாப்பாளை நம் வைத்தியத்தில் புழங்குகிற பச்சிலை. அந்தக் குடும்பத்துச் செடி கலந்த மெலிவு மருந்தைத் தின்று பெல்ஜியத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கிட்னி அழுகியதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அரிஸ்டலோக்கிக் அமிலம் என்று பேர். மண்ணில் முளைத்ததாலேயே எதுவும் நம் கட்சி ஆகிவிடாது. அண்ணல் அம்பேத்கர் உடம்பையும் சர்க்கரை தின்றது. அவர் இன்சுலின் போட்டுக்கொண்டவர்தான்.

*

கிட்னி அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்று காலனியில் கேட்கிறார்கள். அடிபட்டதா என்று முதலில் தெரிய வேண்டும். 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினாலோ, ஏழு நாளைக்குள் பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கானாலோ அடிபட்டிருக்கிறது. இதற்கு முந்திய அளவு தெரிந்திருக்க வேண்டும், பிந்திய சோதனையும் செய்ய வேண்டும். வெளி நோயாளியாக வந்து போகிற நமக்கு ரெண்டும் நடப்பதில்லை. முறிமருந்து கிடையாது. வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். நீர் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். உடம்பு வற்றியிருந்தால் நீர் ஏற்ற வேண்டும், ஊதியிருந்தால் நிறுத்த வேண்டும். கிருமி, நீர்ப்பாதை அடைப்பு என்று வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும், அதைக் கண்காணிக்க வேண்டும். மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்காது, ஆனால் கிட்னி வேலை செய்யாதபோது அது தேங்கி ரத்தம் புளித்துப்போகும், ஆகவே அதை நிறுத்திவைக்க வேண்டும். பொட்டாசியமும் மூச்சுத் திணறலும் மருந்துக்கு அடங்காவிட்டால் டயாலிசிஸ். சாயத்தைக் கழுவுகிறேன் என்று ஸ்கேன் முடிந்த கையோடு டயாலிசிஸ் செய்வதில் பலன் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் அய்ந்து நாளில் உச்சத்துக்குப் போய், ஒன்று ரெண்டு வாரத்தில் கிட்னி திரும்பிவிடும். டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. எங்கம்மா மாதிரி ஏற்கனவே பாதி போனவர்கள்தான் திரும்பி வரும்போது கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

2023இல் அம்மாவுக்கு மறுபடி சாய ஸ்கேன் தேவைப்பட்டது. கிரியாட்டினின் 2.2, கணக்கில் 24. பயத்தில் எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் தோழர் பெரிய டாக்டர்களிடம் பேசினார். வலி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதயம் தாங்குமா என்று பார்த்து, ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றினார்கள். சாயத்தைத் தேவையான அளவோடு நிறுத்தினார்கள். 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் 2.3. அவ்வளவுதான். ஒரு பாட்டில் உப்புநீர், ரெண்டு ரத்தச் சோதனை, அஞ்சு கேள்வி. இதற்கா ஏழு வருஷத்துக்கு முந்தி நாட்டில் வசதி இல்லாமல் போயிற்று?

ஆகவே மனு எழுதினோம், காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கி. கேள்வித் தாள் தமிழில் வேண்டும், அதை வாய்விட்டுப் படித்துக் கேட்க வேண்டும், பதிலை நோயாளி சொல்ல வேண்டும். சுகரோ கிட்னி நோயோ உள்ளவர்களுக்கு ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். தண்ணி குடிக்காதே என்ற பலகையைக் கழற்ற வேண்டும். ஆபத்து உள்ளவர்களுக்கு ரெண்டு நாள் கழித்து ரத்தம் எடுப்பது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து டவுனுக்கு வர நம்மால் முடியாது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வலி மாத்திரையை அள்ளிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தோம். இதில் எங்களுக்குள்ளேயே சண்டை. வலியோடு நடவு நடுகிறவளிடம் மாத்திரையைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுப்பாய் என்று பெண்கள் கேட்டார்கள். பதில் இல்லை எனக்கு. ஆனாலும் மனுவில் அந்த வரியை எடுக்கவில்லை.

ரெண்டு தடவை மனு, ரெண்டு ரசீது. மூன்றாம் தடவை போனபோது, செய்துவிட்டோம், போய்ப் பாருங்கள் என்றார்கள். போன மாதம் காலனியில் ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். உண்மைதான். தாள் தமிழில் இருக்கிறது, எழுத்தும் பெரிசு. அய்ந்து கேள்வி ஏழாகியிருக்கிறது. மேசையில் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். பாட்டியின் பேர் இன்னும் எழுதவில்லை, கட்டில் எந்தத் தாளிலும் யார் பேரும் எழுதவில்லை. எல்லாத் தாளிலும் ஏழு 'இல்லை'க்கும் டிக் போட்டுத் தயாராக இருந்தது.

ஒரு தாளை உருவி மடித்து வைத்துக்கொண்டு, வெறுந்தாள் ஒன்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். பாட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாய்ப் படித்தேன். முதல் கேள்விக்கே அவள் கால் மணி நேரம் பதில் சொன்னாள். லைன் நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள். உருவிய தாளை இந்தக் கட்டுரையோடு ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.